ஏழாவது மணல்மேடு

நெய்தலூர் நாட்டின் கிழக்குக் கரையில் ஏழு மணல்மேடுகள் இருந்தன. விடியற்காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறும்போது, அவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நடந்துபோவதுபோலத் தோன்றும். சரிவெல்லாம் அடம்பங்கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்திருக்கும். மேடுகளுக்குப் பின்னால் நன்னீர்க் கிணறுகள். அவற்றைச் சுற்றி ஒரு சிற்றூர். கரையில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைத்த உலகம்மை அந்த ஊர்க்காரி.

ஒருமுறை அரசர் அவ்வழியே வந்தார். "அழகுதான். ஆனால் ஒழுங்கில்லை" என்றார். மறுவாரமே எழில்துறை அமைச்சர் ஆணையை வாசித்தார்: "குடிமக்கள் கடலழகைத் தடையின்றிக் காணும் பொருட்டு, கடலை மறைக்கும் மேடுகள் அகற்றப்படும்."

ஆறு மேடுகள் போயின. அங்கே விடுதிகள் எழுந்தன. தடுக்க ஆளில்லாத காற்று வீடுகளுக்குள் மணலைக் கொட்டியது. சோற்றில் மணல் நெருடியது. கிணறுகள் உப்புக் கரித்தன. மக்கள் முறையிட்டார்கள். அமைச்சர் ஆழ்ந்து யோசித்து, அந்தக் கிணறுகள் இனிமேல் கடல்கள் என்று அறிவித்தார். ஒரே நாளில் நாற்பது புதிய கடல்கள் கிடைத்ததற்காக நாடெங்கும் விழா எடுக்கப்பட்டது.

ஏழாவது மேட்டை இடிக்க ஆட்கள் வந்த காலையில், உலகம்மை அமைச்சரின் முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. நெத்தி, மூக்கு, கிரீடம்... நம்ம மகாராசா படுத்திருக்க மாதிரியே இல்ல?"

அமைச்சர் பார்த்தார். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அவருக்கில்லை.

"அவரேதான்" என்றார்.

அரசரின் திருவுருவமான மேட்டைத் தொடுவது துரோகம் என்று அன்று மாலையே சட்டம் வந்தது.

ஐப்பசியில் புயல் அடித்தது. விடுதிகளை அலைகள் அள்ளிக்கொண்டு போயின. மேட்டின் பின்னே ஒதுங்கிய ஊர் பிழைத்தது. உலகம்மை ஈர மணலில் கன்னத்தை வைத்து வெகுநேரம் அழுதாள்.

கடல் அடங்கியதும் அமைச்சர் எழுத்தரோடு வந்தார். "உங்களைக் காத்தது மாமன்னரின் உருவம். நன்றிக்கடனாக, இதை அகற்றிவிட்டு இதே இடத்தில் அவருக்கு நூறு முழக் கற்சிலை எழுப்பப்படும். மறுப்பவர் துரோகி."

உலகம்மை ஓரடி முன்னால் வந்தாள். சொன்னாள்: "எங்களக் காப்பாத்துனது ராசா இல்லய்யா. மணலு."

"இவள் பெயரை எழுது" என்றார் அமைச்சர்.

"என் பேரையும் எழுதிக்கங்க" என்றார் பக்கத்தில் நின்ற வலைக்காரர் சூசையா. அடுத்து அவர் மனைவி. பிறகு ஊரே மேட்டைச் சுற்றி வரிசையில் நின்று பெயர் கொடுத்தது.

மறுநாள் அரசிதழில் அத்தனை பெயர்களும் ஒன்றுவிடாமல் வெளியாயின. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'சிலை வேண்டி மனமுவந்து விண்ணப்பித்தோர்.'