கடைச் சீட்டோடு ஓர் இறுதியாட்டம்

வாழ்நாளில் ஒரேயொரு ரென்னிஸ் போட்டியில் இறுதியாட்டம் வரைக்கும் போயிருக்கிறேன். அதுவரை ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

கீர்த்தனாவைப் பெண் கேட்டு விட்பியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனபோது, ரென்னிஸ் விளையாடுவீரா என்று அவளுடைய அப்பா கேட்டார். "கொஞ்சம் விளையாடுவன், அங்கிள்" என்றேன். (தொலைக்காட்சியில் கொஞ்சம் பார்த்திருந்தேன்.) மனிதர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்கள் ஒற்றையர் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தைப் பார்த்தபின் கலியாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்றார்.

புது மட்டை வாங்கினேன். கைப்பிடியில் தொங்கிய, விலை போட்ட கடைச் சீட்டைக் கழற்றவில்லை. முதல் சுற்றிலேயே தோற்று, முழங்கால் நோவென்று நொண்டிக்கொண்டு போய், பின்னேரமே மட்டையைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என் திட்டம். (ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்ட ஜாக்கெட்டையே அப்படித் திருப்பிக் கொடுத்தவன் நான்.) சீட்டு தெரியாதபடி கைப்பிடியில் கைக்குட்டையைச் சுற்றினேன்.

காலை எட்டு மணிக்குத் தொடக்கம் என்றது அறிவித்தல். எங்கள் ஆட்களுக்கு அதன் பொருள் பத்தரை. பயத்தில் நான் ஏழே முக்காலுக்கே, போட்டி நடக்கவிருந்த வோபர்ன் மைதானத்தில் நின்றேன். நடுவரோ ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கால் மணி நேரத்துக்கு மேல் ஒருவருக்கும் காத்திருக்கவில்லை. வராதவர்களை வரிசையாக வென்று பத்து மணிக்குள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டேன். வருங்கால மாமனார் பூரித்துப்போய்ச் சொந்தக்காரரையெல்லாம் போன் பண்ணி வரவழைத்தார்.

எதிரே நின்றவர் அறுபது வயது அண்ணை. மைதானக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடம் இருந்ததால் அவரும் நேரத்துக்கு வந்து, என்னைப் போலவே வென்றிருந்தார். ஆனால் அவருக்கு விளையாடவும் தெரிந்திருந்தது.

மூன்றாவது பந்தில் கைக்குட்டை அவிழ்ந்தது. சீட்டு வெளியே வந்து ஆடியது. அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறுகையால் மொய்க்கிற இலையானை அடிப்பதுபோல விளையாடினேன். முதல் செட் ஆறுக்குப் பூச்சியம். இடைவேளையில் மாமனார் வேலியோரம் வந்தார்.

"தம்பி, உந்தச் சீட்டைக் கழட்டிப்போட்டு விளையாடும்."

பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். "கழட்டினால் கடையில திருப்பி எடுக்கமாட்டாங்கள், அங்கிள்."

சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அது கேட்டது. கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்து, இரண்டாவது செட்டையும் பூச்சியத்துக்குத் தோற்றேன். உண்மையிலேயே அழுகை வந்தது.

மாமனார் அடுத்த கிழமையே நாள் குறித்தார். பெடியனுக்கு ரென்னிஸ் தெரியாது, ஆனால் ஒரு சாமானையும் வீணாக்கமாட்டான் என்று கீர்த்தனாவிடம் சொன்னாராம். அன்றிலிருந்து விட்பியில் இருந்து வரும் எந்தப் பரிசிலும் சீட்டும் ரசீதும் பத்திரமாக இருக்கும்.

எங்களுக்கு மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த மாமனார், பிள்ளையின் காலில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் கண்டதும் கீர்த்தனாவிடம் திரும்பினார். "பிள்ளை, உதைக் கெதியாக் கழட்டுங்கோ. மருமகன் திருப்பிக் குடுத்திடுவார்."

உடனே தாதியிடம் கத்தரிக்கோல் கேட்டது என் மனைவிதான்.