சிரிப்பு அறுபது, சோகம் நாற்பது

ஒருவர் துன்பத்திலிருந்து மீண்டெழுந்துவிட்டார் என்பதை அரசாங்கம் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருக்கோகர்ணத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவருக்கு வரவேற்பு எல்லாம் என்னிடம் ஒரே மெஷினில்தான் வருகின்றன.

புரட்டாசியில் ஒருநாள் ஆண்டியப்பன் சார் பென்டிரைவோடு வந்தார். 'மாவட்ட மீட்சித்திறன் மேம்பாட்டுப் பிரிவு' என்ற ஆபீஸின் கண்காணிப்பாளர். புயல் காற்றில் வீடு இழந்தவர்களுக்குக் கூரைத் தகடு கொடுப்பதற்காக ஆரம்பித்த ஆபீஸ் அது. தகடு வரத் தாமதமானதால், அதுவரை கலை வளர்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி வசந்தகுமாரு, 'சமூகநீதியும் மீண்டெழும் மானுடமும்'னு போட்டோ கண்காட்சி நடத்துறோம். இது வாசல்ல நிக்கிற படம். இருபதுக்குப் பன்னெண்டு அடி சைசுல போட்டிருங்க."

படத்தில் இருந்தவர் திலகவதி. கட்டுமாவடியில் கருவாடு விற்கிறவர். போன கார்த்திகைக் காற்றில் அவர் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. நான்கு சுவருக்கு நடுவே நின்று, அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். எடுத்தவர் ரகுநாத், சென்னைக்காரர். படத்துக்கு 'வானமே கூரை' என்று பேர் வைத்து வெளிநாட்டில் பரிசும் வாங்கிவிட்டார்.

பழக்கதோஷத்தில் நான் திலகவதியின் முகத்தை நன்றாக வெளுத்து, சுருக்கத்தையும் துடைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் உள்ள நிறத்தில் அடித்துக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

ஆண்டியப்பன் சார் பதறிப்போனார். "என்ன தம்பி, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கா காட்டப் போறோம்? சோகம் எங்க?"

"அந்தம்மா சிரிச்சுக்கிட்டுல்ல சார் இருக்காங்க."

"சோகத்துக்குள்ள சிரிக்கிறாங்க தம்பி. ரெண்டும் தெரியணும். சிரிப்பு அறுபது, சோகம் நாப்பதுன்னு வச்சுக்கங்க. சுருக்கத்தத் திருப்பிப் போடுங்க. வெளுப்பு இருக்கட்டும், பெரிய அதிகாரிங்க வர்றாங்க."

சோகத்தைப் பத்துப் பத்தாக ஏற்றி, நாற்பதில் நிறுத்தினேன்.

திறப்பு விழா அன்று மண்டப வாசலில் ஏணி போட்டு நான் பிளக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். கையில் மனுவோடு திலகவதியே வந்து இறங்கினார். செக்யூரிட்டி மறித்தார்.

"அழைப்பிதழ் இருக்காம்மா?"

"அந்தா தொங்குதுல்ல, அது நாந்தாங்க."

செக்யூரிட்டி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அந்தம்மா சிரிக்கிறாங்க. எங்க, நீங்க சிரிங்க பாப்போம்."

திலகவதி சிரித்துக் காட்டிய பிறகு உள்ளே விட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அவர், வெளியே வந்த ஆண்டியப்பன் சாரை வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"சார், ஐப்பசி மழை வருது. கருவாடு ஒருதரம் நனைஞ்சா புழு வச்சிரும். எனக்கு வேற பொழப்பு இல்லைங்க. தகடு குடுத்தீங்கன்னா..."

"தகடு பாதிக்கப்பட்டவங்களுக்கும்மா. நீங்க மீண்டெழுந்தோர் பட்டியல்ல இருக்கீங்க."

"நான் எங்க சார் எந்திரிச்சேன்? விழுந்த எடத்துலயேதான் கெடக்குறேன்."

"அப்பறம் ஏன் சிரிச்சீங்க?"

"படம் எடுத்த தம்பி சிரிக்கச் சொன்னுச்சு. சிரிச்சா கவருமெண்டு கண்ணுல படும்னுச்சு."

"பட்டுருச்சே! அதான் பட்டியல்ல ஏத்திட்டோம்."

"அப்ப இப்ப அழவா சார்?"

"அழுறது வேற டிபார்ட்மெண்ட்டும்மா. இன்னொன்னும் சொல்றேன். தகட்டப் போட்டா 'வானமே கூரை'ங்கிறது பொய்யாயிரும். பரிசு குடுத்தவங்க நேர்ல பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் கூரை போட்டுறாதீங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும்னு ஆர்டர் போட்டிருக்கோம்."

"எப்ப சார் வர்றாங்க?"

"மழையெல்லாம் விட்டப்பறம், தை மாசம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏணியில் நின்றுகொண்டு ஒரு அரசாணையை எப்படி எதிர்ப்பது என்று தெரியவில்லை. முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

திலகவதி பிளக்ஸில் இருந்த தன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "சார், கண்காட்சி முடிஞ்சதும் இந்தப் படத்தையாவது எனக்குக் குடுப்பீங்களா?"

ஆண்டியப்பன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா தம்பி, கலை எங்க போய்ச் சேந்திருக்குன்னு!" உடனே எழுத்துமூலம் உத்தரவானது: 'மேற்படி கலைப்படைப்பைப் பயனாளி தமது இல்லத்தில் நிரந்தரமாகக் காட்சிப்படுத்திக்கொள்ளலாம்.'

காட்சிப்படுத்தினார். கொண்டுபோன அன்றே தெருக்காரர்கள் மூங்கிலைக் குறுக்கே போட்டு, நான்கு சுவருக்கும் மேலே இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஒரு கருவாடுகூட நனையவில்லை.

செய்தி கேட்டு ஆண்டியப்பன் சார் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஓடினார். ரகுநாத் டிரோனோடு வந்திருந்தார். கூரை போட்டதற்கு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அது கூரை இல்லை, காட்சி. உத்தரவில் ஆண்டியப்பன் சாருடைய கையெழுத்தே இருந்தது. சார் ஜீப்பைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

ரகுநாத்துக்கு வேறு கவலை. மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. திலகவதி, படத்தில் முகம் இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டச் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் திருப்பிப் போடுங்கம்மா, முகம் தெரியணும்."

"வெயில்ல வெளுத்துரும் தம்பி." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தம்பி வெளுத்ததே போதும்."

எனக்கு முகம் செத்துப்போனது. ரகுநாத் அசரவில்லை. உள்ளே போய்த் தரையில் படுத்து, கருவாட்டுக் கூடைகளுக்கு மேலே சிரிக்கும் அந்தப் பெரிய முகத்தை எடுத்தார். தலைப்பு: 'தானே தனக்குக் கூரை'. அதற்கும் பரிசு வந்தது. கலையால் ஒரு குடும்பத்துக்குக் கூரை அமைந்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. தகடு வாங்கும் கோப்பு, இனித் தேவையில்லை என்று மூடப்பட்டது.

இப்போது கட்டுமாவடியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் என் கடைக்கு ஆள் வருகிறது.

"எங்களையும் ஒரு போட்டோ எடுத்துக் கண்காட்சிக்கு அனுப்புங்க தம்பி. சிரிக்கச் சொன்னா சிரிக்கிறோம். சோகத்த எம்புட்டு வேணும்னாலும் ஏத்திக்கங்க. அளவு மட்டும் இருபதுக்குப் பன்னெண்டுக்குக் கொறையக் கூடாது."

ஆண்டியப்பன் சார் பூரித்துப்போயிருக்கிறார். மாவட்டமே மீண்டெழுகிறதாம்.

நேற்றைய மழையில் என் கடையின் பின்பக்கம் ஒழுகி, மெஷின் நனைந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று நானும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிரிப்பு சரியாக வந்திருக்கிறது. சோகத்தை ஏற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.