ஒன்பதாவது நாற்காலி

உலகத்தின் உச்சந்தலையில் உறைகடல் என்றொரு கடல் இருந்தது. அதைச் சுற்றி எட்டு அரசர்கள் ஆண்டார்கள். அதன்மேல் பனிக்குடிகள் வாழ்ந்தார்கள். சுற்றி இருப்பவர்கள் ஆள்வதும் மேலே இருப்பவர்கள் அனுபவிப்பதும் இயற்கை நியதி என்று எட்டு அரசர்களும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

கடல் நடுவே ஒரு தீவில் அவர்களுடைய மகாசபை கூடும். எட்டு நாற்காலிகள் எட்டுத் தூதர்களுக்கு. ஒன்பதாவது பனிக்குடிகளுக்கு. அதில் உட்காருபவருக்கு ‘நிரந்தர விருந்தினர்’ என்று பட்டம். உட்காரலாம், பேசலாம். கை தூக்கக் கூடாது. ஒரு கை எதிர்த்து உயர்ந்தாலும் தீர்மானம் செத்துவிடும் என்பதால், கைகளை யோசித்துத்தான் கொடுத்திருந்தார்கள்.

அந்த நாற்காலி தூவிக்கு வாய்த்தது. அவள் ஊருக்கு இரண்டு கரை, நடுவே ஜலசந்தி. குளிர்காலத்தில் அது உறைந்தால்தான் பாதை. இறைச்சிக் கிடங்கு அக்கரையில், தின்னும் வாய்கள் இக்கரையில். அந்தப் பனியைத்தான் அரசர்களின் கப்பல்கள் உடைத்துக்கொண்டு போயின.

“கப்பல் போனா பாதை உடையுதுங்கய்யா. சனங்க பட்டினி கிடக்குறாங்க” என்றாள் தூவி.

சபைச் செயலர் மாண்பிறையார் எழுந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். “விருந்தினரின் உரை நெஞ்சை உருக்கியது. சபை இதைக் குறித்துக்கொள்கிறது.”

குறித்துக்கொண்ட சபை, அவர்கள் பாதைக்கு ‘உலகப் பொது நீர்வழி’ என்று பெயர் சூட்டியது. பொது நீர்வழியில் நாய்வண்டி ஓட்டுவது குற்றமானது. பனிக்குடிகள் படகில் கடந்தார்கள். படகுகளைக் கண்டு கப்பல்கள் மிரளுவதாகச் சொல்லி அதையும் தடுத்தார்கள். கடல்நாய்கள் பாவம் என்று வேட்டையும் நின்றது. இத்தனைக்கும் ஈடாக, ஒவ்வொரு கூட்டத்தையும் தூவியே கடல்நாய்க் கொழுப்பு விளக்கேற்றித் தொடங்கிவைக்க வேண்டும் என்று கௌரவித்தார்கள். வேட்டை இல்லாததால் கொழுப்பு இல்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். அது குளிரில் கட்டியாகி எரியவில்லை. எரிந்ததாகக் கைதட்டினார்கள்.

வெளியே நாய்வண்டியோடு காத்திருந்த கொழுந்தன் காரி கேட்டான். “அண்ணி, இன்னிக்கு என்ன குடுத்தாங்க?”

“சால்வை.”

“போன தடவையும் சால்வைதானே?”

“இது பெரிசு. நாய்க்குப் போத்து.”

இப்படி இருக்கையில், தெற்கே ஒரு வெயில் நாட்டுக்காக இரண்டு அரசர்களுக்குச் சண்டை மூண்டது. சபை நடுவிலேயே ஒரு தூதர், “இவன் விட்ட மூச்சை நான் இழுக்க மாட்டேன்” என்று எழுந்தார். “நான்தான் முதலில் எழுந்தேன்” என்றார் மற்றவர். யார் முதலில் என்ற தகராறோடு எட்டுப் பேரும் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

தூவி எழவில்லை. வீட்டுக்காரர் ‘போய் வா’ என்று சொல்லாமல் விருந்தாளி எழுந்தால் அந்த வீட்டைக் காறித் துப்பியதற்குச் சமம் என்பது பனிக்குடிகள் வழக்கம். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மாண்பிறையார் தவித்தார். ஒரு நாற்காலியிலாவது ஆள் இருக்கும்வரை கூட்டம் முடியாது என்பது விதி. “நீங்கள் புறப்படலாமே அம்மா?”

“நீங்க வீட்டுக்காரரா?”

“நான் செயலர்.”

“அப்ப வீட்டுக்காரர் வரட்டும்.”

சாப்பாட்டு வேளையும் தாண்டியது. தூவி தொண்டையைச் செருமினாள்.

“சும்மாதானே இருக்கோம், ஒரு தீர்மானம் சொல்றேன். குளிர்காலத்துல உறைகடல்ல கப்பல் ஓடக் கூடாது. நாய்வண்டி ஓடலாம்.”

“சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கை தூக்க...”

“நான் எங்க தூக்கினேன்? எதிர்த்து யாராச்சும் தூக்குறாங்களா பாருங்க.”

மாண்பிறையார் எட்டுக் காலி நாற்காலிகளையும் வரிசையாகப் பார்த்தார். விதியை மீறும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. “எதிர்ப்பு... இல்லை” என்றார் அழாத குறையாக. “நிறைவேறியது.”

ஜலசந்தி உறைந்தது. இறைச்சி கரை கடந்தது.

போரில் செத்தவர்களுக்காகச் சேராத எட்டு அரசர்களும் கப்பல்களுக்காக ஒரே நாளில் சேர்ந்தார்கள். உலக ஒத்துழைப்பின் பொன்னாள் என்று அதற்கு விடுமுறை விட்டார்கள். கூட்டாக அவர்கள் செய்த முதல் காரியம், தூவிக்கு ‘போய் வா’ என்று ஆள் அனுப்பியது. அவள் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

இனித் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். அதற்கு எட்டுத் தூதர்களும் தீவில் கூட வேண்டும். கப்பலில் போனால் சபையின் சட்டத்தைச் சபையே மீறியதாகும். அப்புறம் மற்ற சட்டங்களை எவன் மதிப்பான்? வேறு வழியின்றி எட்டுப் பேரும் தூவியின் கரைக்கு வந்து நாய்வண்டி கேட்டார்கள்.

“ஏறுங்க” என்றாள் தூவி. “வண்டியில நீங்க நிரந்தர விருந்தினர். உட்காரலாம், பேசலாம். நாய் ஓட்டுற வாரை மட்டும் தொடக் கூடாது.”

சால்வை போர்த்திய நாய்கள் இழுத்தன. காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தான். எட்டுப் பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

மூன்றாவது முறையாக அதே கரும்பாறை எதிரில் வந்தபோது மூத்த தூதருக்குச் சந்தேகம் வந்தது. “அம்மா, சபைக்கு எப்போது போய்ச் சேருவோம்?”

தூவி திரும்பிப் பார்த்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க பேச்சு நெஞ்சை உருக்குதுங்கய்யா. குறிச்சுக்கிட்டேன்.”