பெரியவர்களுக்கு மட்டும் சிவப்புத் துணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எது முன்னே நடந்தது, எது பின்னே என்பதும் மறந்துபோகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். ஆடுகிற பிள்ளைகளை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த அப்பா அம்மாவை மைதானத்தை விட்டுத் துரத்திய ரெஃப்ரி இந்தப் பெங்களூரிலேயே ஒருவர்தான். எங்கள் ஒக்கலிபுரம் டெய்லர்.

அவர் பெயரை நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் டெய்லர்தான். என் வீடு மைதானத்தை ஒட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடும்போது தண்ணீர்க் குடம் வைப்பது என் வேலை. குடத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

டெய்லர் ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டார். பந்து வெளியே போய் எல்லாரும் நிற்கும்போதுகூட, மெஷின் ஓட்டுகிற மாதிரி அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். கழுத்தில் விசில். பேண்ட் பையில் கைக்குட்டை அளவில் ஒரு சிவப்புத் துணி, நாலு பக்கமும் ஓரம் அடித்தது. ஏதோ கல்யாண ரவிக்கையில் மிஞ்சியதாம். பிள்ளைகள் தப்பாட்டம் ஆடினால் குனிந்து காதில் ஏதோ சொல்வார், அவ்வளவுதான். வெளியிலிருந்து எவராவது "இடிச்சுத் தள்றா அவன!" என்று கத்தினால்தான் துணி வெளியே வரும்.

"ஏன் டெய்லரே, புள்ளைங்களுக்கு இத காட்டறதே இல்ல?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "அவங்களுக்கு லூசா இருக்கும் சார். இது பெரியவங்க அளவுக்கு வெட்டினது" என்றார்.

துணியை வாங்கியவர் ஆட்டம் முடிகிற வரை வாட்டர் டாங்கிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அதோடு விடமாட்டார். அந்தத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எந்தப் பிள்ளையைத் திட்டினாரோ அதன் வீட்டுக்கே போய் அதன் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை கொண்டுவந்து டெய்லரிடம் சேர்க்கும். அதனால் வார நாட்களில் எங்கள் பக்கம் எந்தச் சந்தில் பார்த்தாலும் யாராவது ஒரு பெரிய மனுஷர் கையில் சிவப்புத் துணியோடு கதவு கதவாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவர், சேலம் பக்கத்துக்காரர், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "வீடியோவுல பாருங்க, நான் கத்தவே இல்லை. ரிவ்யூ பண்ணுங்க" என்றார்.

"தையல்ல ரிவ்யூ இல்ல சார். பிரிச்சுத் தைக்கிறதுதான் உண்டு. டாங்கி அந்தப் பக்கம்" என்றார் டெய்லர்.

அந்தக் கம்ப்யூட்டர்காரரின் பெண்சாதி, "நல்லா வேணும் இவருக்கு!" என்று கைதட்டிச் சிரித்தார். கைதட்டியதற்கு அவரும் கணவரோடு டாங்கிக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று. துணி ஒன்றுதானே, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் விட, ஒருநாள் சட்டையைப் பிடித்து இழுத்த ஒரு பையனை டெய்லரே வாய் தவறி "டேய் கழுதை!" என்றுவிட்டார். உடனே விசில் ஊதினார். பையிலிருந்து துணியை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே தானே காட்டிக்கொண்டார். விறுவிறுவென்று டாங்கிக்குப் பின்னால் போய்விட்டார். ஊத ஆளில்லாமல் பிள்ளைகள் இருபது பேரும் என் குடத்தைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் முழுவதையும் தீர்த்தார்கள்.

சிவாஜிநகரில் கோழிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் மகன் எங்கள் டீமில் பின்னால் நின்று தடுக்கிற பேக் ஆடுகிறான். அந்தத் துணியை அதிகம் துவைத்தவர் அந்த அண்ணன்தான். நாலாவது தடவை கையில் வந்ததும் கோபம் வந்துவிட்டது. மற்ற அப்பாக்களையும் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா டெய்லரே, வர்ற வாரம் அத்திபெலேலேர்ந்து டீம் வருது. வெளியூர்க்காரன் முன்னால எங்கள்ல ஒருத்தர வெளிய அனுப்பினாலும் விசிலக் கழட்டிக் குடுத்துடு. வேற ஆளு பாத்துட்டோம்."

டெய்லர் கால் மிதிப்பது நின்றது. "சரி சார்" என்றார். எனக்கு அந்த வாரம் பூராவும் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானம் இல்லாமல் அவர் எப்படி இருப்பார்? தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்திபெலே டீம் வந்தது. எங்கள் ஆட்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். கோழிக்கடை அண்ணன் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு கோல். இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்படியே முடிந்துவிட்டால் விசில் தப்பிக்கும் என்று நான் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். அப்போது அந்த டீமில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பந்தோடு பறந்து வந்தாள். எங்கள் பிள்ளைகள் மூன்று பேரைத் தாண்டிவிட்டாள்.

"காலை வாரி உடுங்கடா அவள!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யார் கத்தினது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் என் வீட்டுச் சுவர்தான் இருந்தது.

கோழிக்கடை அண்ணன் மகன் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே வாரிவிட்டான். பெண் விழுந்து முட்டி சிராய்த்தது. டெய்லர் விசில் ஊதிவிட்டு, பையில் கை விட்டபடி என்னைப் பார்த்தார். அண்ணன் ஓடி வந்தார்.

"ஐயோ டெய்லரே, பாவம், தண்ணி குடுக்கற அம்மா! சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன், கொஞ்சம் விட்டுக்குடு. துணிய எடுத்தா விசில் போயிடும், தெரிஞ்சுக்கோ!"

டெய்லர் நேராகக் குடத்தண்டை வந்தார். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று துணியை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு டாங்கிக்குப் பின்னால் போனேன். அத்திபெலேக்காரர்கள் கோல் போட்ட சத்தம் அங்கேதான் கேட்டேன். ஆட்டம் முடிந்து எட்டிப் பார்த்தபோது டெய்லர் விசிலைக் கழற்றி அண்ணன் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

துணியைத் துவைத்தேன். இஸ்திரி போட்டேன். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக அத்திபெலே போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். பலகாரக் கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, அந்தப் பெண் கதவைத் திறந்ததும் வாக்கியம் மறந்துவிட்டது.

"நீங்கதானே ஆயா அன்னிக்குக் கத்தினது?"

"நான்தாங்கண்ணு. தப்புதான்."

"உங்க குரலு இவ்ளோதானா? அன்னிக்கு மைக்கு வெச்ச மாதிரி இருந்துச்சு!"

துணியைக் கொடுத்து, டெய்லரிடம் சேர்க்க வேண்டும் என்றேன். அவரிடம் விசில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு புது ரெஃப்ரி வந்தார். பளபளவென்று ஷூ. ஆட்டம் பாதியில் இருக்கும்போது அந்தப் பெண் அவள் அப்பாவோடு வந்து இறங்கினாள்.

"டெய்லரு எங்க?"

"இங்க குடும்மா, நான்தான் ரெஃப்ரி" என்று புதியவர் கையை நீட்டினார். அவள் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அவரு கையிலதான் குடுக்கணும். ஆயா சொல்லியிருக்காங்க."

அந்தத் துணியைத் துவைத்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கோழிக்கடை அண்ணன் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ஸ்கூட்டரை எடுத்தார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து மைதானத்துக்கு நட்டநடுவே கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் டெய்லர், கழுத்தில் அளவு டேப்போடு.

டெய்லர் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். "மடிப்பு நல்லா விழுந்திருக்கு" என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்துத் துண்டில் துடைத்துக் கொடுத்தார். டெய்லர் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மைதானத்து நடுவில் நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்தார். வலது கால் மிதிக்க ஆரம்பித்தது. அவர் பைக்குக் கை கொண்டுபோவதற்கு முன்பே அண்ணன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு டாங்கிக்குப் பின்னால் போய்விட்டார்.

இதில் அன்றைக்கு எத்தனை கோல், பெண்ணுக்கு ரெட்டைச் சடையா ஒற்றைச் சடையா என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். யாராவது டெய்லரிடம் விசாரித்துத் திருத்திவிடுங்கள். நானே போய்க் கேட்கலாம்தான். ஆனால் சும்மா போக வெட்கமாக இருக்கிறது. தைக்கக் கொடுக்கிற சாக்கில் போகலாமென்றால், வீட்டில் இருந்த ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.