சுத்த ரத்தம் கொடுத்த கதை

பத்தாவது வரை படித்தவன் ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுத உட்கார்ந்தது தப்புதான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். (அன்றைக்கே பேசியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.)

தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் நான் உதவியாளர். பாட்டில் கழுவுவது, கேனில் சுத்திகரித்த தண்ணீர் நிரப்புவது, தரை துடைப்பது என் வேலை. அங்கே நிவேதா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் நின்றால் வருவது எலிக்காய்ச்சல். அது வந்துபோனவர்களின் ரத்தத்தில், அதை எதிர்த்து நின்றதற்கு அடையாளமாக ஆன்டிபாடி என்று ஒன்று தங்கியிருக்குமாம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சோதித்தால், அது இருக்கிற குழி மஞ்சளாகும். பழைய முறையில் நிறைய இருந்தால்தான் நிறம் தெரியும். கொஞ்சமாக இருந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்று நிவேதா இரண்டு வருஷமாகப் பாடுபட்டாள்.

அதைச் சரிபார்க்க, அந்த நோய் அண்டவே அண்டாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அந்தக் குழி தண்ணீர் மாதிரியே நிற்க வேண்டும்.

"அண்ணே, நீங்க வயல்ல, வாய்க்கால்ல எறங்குறது உண்டா?"

"அதெல்லாம் விட்டு வருஷக்கணக்காச்சும்மா."

இது என் மனைவி கலாவிடம் சொல்லிவந்த பொய். பக்கத்து வீட்டுக்காரர் எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து, வாய்க்கால் பக்கமே போகக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் ஞாயிறுதோறும் "லேப்ல டூட்டி" என்று கிளம்பி, திருவையாற்றுப் பக்கம் மச்சானோடு முட்டியளவு சேற்றில் நின்று கெளுத்தி மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். (இரண்டு இடத்திலும் ஒரே பொய் என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம்.)

அதை நம்பி என்னிடமே ரத்தம் எடுத்தாள். பழைய முறையில் அது சுத்தம் என்று வந்தது. நிவேதாவின் புது முறையில், மோரில் மஞ்சள்தூள் தட்டினதுபோல் என் குழி மஞ்சளித்தது. திரும்பப் போட்டாள். திரும்பவும் மஞ்சள்.

முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் என்னை.

"கேன்ல குழாத்தண்ணி ஏதும் புடிச்சிட்டீங்களாண்ணே?"

"எம்மேல சந்தேகமாம்மா?"

"எல்லார் மேலயும்தான். என்மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

என் பங்குக்கு நான் தட்டின் நிறத்தை அளக்கிற மெஷினைச் சந்தேகப்பட்டேன். வந்த நாளிலிருந்தே அது என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவளுடைய பேராசிரியர் தட்டைப் பார்க்க வருகிறார். சுத்த ரத்தத்துக்கே மஞ்சள் காட்டினால், இந்த முறையைத் தூக்கிப்போடு என்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். உண்மை என் தொண்டை வரை வந்தது. "டீ வாங்கிட்டு வரட்டாம்மா?" என்றுதான் வெளியே விழுந்தது.

டீயோடு திரும்பினால், என் வீட்டுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"அக்கா, அண்ணனுக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"போன மழைக்கு வந்துச்சும்மா. ஞாயித்துக்கெழமகூட ஏசியில உக்கார வச்சு வேல வாங்குனா வேற என்ன வரும்?"

"ஞாயித்துக்கெழம லேப் பூட்டித்தான்க்கா கெடக்கும்."



"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. டீயோட நிக்கிறாரு."

"ஏங்க, யாரு அவ?"

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"எவளும் இல்ல கலா. மீனு. உன் தம்பியோட மீன் புடிக்கப் போனேன்."

"எங்க?"

"வாய்க்கால்ல."

"வாய்க்கால்லயா?"

வேறொருத்தி என்று சொல்லியிருந்தால்கூட அவள் குரல் அவ்வளவு உயர்ந்திருக்காது.

நிவேதா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "டெஸ்ட் சரியாத்தான் இருக்குக்கா. பழைய டெஸ்டு விட்டத இது புடிச்சிருச்சு. அண்ணனுக்கு லேசா வந்து போயிருக்கு, இப்ப பயமில்ல."

"வீட்டுக்கு வரட்டும். அப்புறம் சொல்றேன், பயம் இருக்கா இல்லையான்னு."

இப்போதும் நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், கலா சின்ன மகளைக் கூப்பிட்டு, "நிவேதாவுக்கு போன் போடு. அப்பாவைத் தட்டுல ஊத்திப் பாத்துரலாம்" என்கிறாள். சம்பந்தி வீட்டார் வரைக்கும் இது போயிருக்கிறது.

அந்தப் போனுக்கு மறுநாள் பேராசிரியர் தட்டைப் பார்த்துவிட்டு, இந்த முறையிலேயே மேலே செய்யச் சொன்னார். கலா என்னோடு பஸ் ஏறி ஆய்வகத்துக்கு வந்து, எனக்குப் பதிலாகச் சுத்த ரத்தம் கொடுத்தாள். ஊசி குத்தும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.