மஸ்கட்டுக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் சம்பந்தி

செவ்வாப்பேட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி தணிகாசலம் அவர்களுக்கு, ஆரம்பாக்கத்திலிருந்து முனுசாமி கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் பூவம்மாளும், மாடு கன்றும், நாற்றங்காலும் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மா முத்தம்மாளும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது தாங்கள் அறிந்தது. நான் சொல்லச் சொல்ல எங்கள் தானியேல் வாத்தியார் எழுதுகிறார். நடுவில் வெட்டக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

விஷயம் நம் பேத்தி அஞ்சம்மாளைப் பற்றியது. என் மகன் சின்னதுரையைக் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்காரர்கள் மிஷின் மாட்ட இரண்டு வருஷம் மஸ்கட்டுக்கு அனுப்புகிறார்கள், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம், வீடு தருகிறார்கள் என்று அவன் வந்து நின்றானே, அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “நைனா, நான் மட்டும் போவட்டுமா, செண்பகத்தையும் கொயந்தையையும் இட்டுக்கினு போவட்டுமா? நீ இன்னா சொல்ற?” என்று கேட்டான். “நீ மட்டும் போடா” என்பது என் தொண்டை வரை வந்தது. ஆனால் செண்பகம் உங்கள் பெண் அல்லவா? பெண்ணைப் பெற்றவரைக் கேட்காமல் பேசுவது முறையா? “மாமனாரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா” என்றேன். அதுகள் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி உங்களிடம் வந்தால், நீங்கள், “அவங்க ஊட்டு மருமவ, சம்பந்திதான் சொல்லணும்” என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்தப் பிள்ளைகள் ரயிலில் அலைந்ததற்கு மஸ்கட்டுக்கே போய் வந்திருக்கலாம்.

இந்த மரியாதை நமக்குப் புதிதில்லை. கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு வந்தபோது உங்கள் வீட்டில் பாகற்காய்க் குழம்பு. சம்பந்தியம்மா பச்சைச் சேலையில் வாசற்படியருகே நின்றுகொண்டு, “எப்டி கீது?” என்று கேட்டார்கள். “அமிர்தம்” என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் இன்று வரை உங்கள் வீட்டு இலையில் எனக்குப் பாகற்காய்தான். நீங்கள் மட்டும் என்ன? எங்கள் கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி. விடிய விடிய எழுந்து எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். காலையில், “ராஜா மாரி தூங்கனேன் சம்பந்தி” என்றீர்கள். அதனால் நீங்கள் எப்போது வந்தாலும் பூவம்மாள் அந்தக் கட்டிலைத்தான் தட்டிப் போடுகிறாள். கசப்பும் கடியும் நம் இருவரோடு போயிற்று, பரவாயில்லை. இப்போது குழந்தையல்லவா போகப் போகிறது?

அதற்கப்புறம் நீங்களே இங்கே நேரில் வந்த அன்றாவது பேசினோமா? மழையைப் பேசினோம், பம்புசெட்டைப் பேசினோம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய டிரான்சிஸ்டரைப் பேசினோம். சாயங்காலம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்ற பிறகு, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “போவட்டுமே சம்பந்தி, நல்லதுதானே?” என்றீர்கள். பெற்ற தகப்பனே போகட்டும் என்கிறபோது நான் குறுக்கே நின்றால், மருமகளைக் கட்டிப்போடுகிற கிழவன் என்று பேர் வராதா? “நானும் அதாங்க நெனச்சிக்கினு இருந்தேன்” என்று சொல்லிவிட்டேன். உங்கள் முகம் கறுத்தது. கரி இன்ஜின் புகை என்று நினைத்தேன், மன்னிக்கவும்.

போன அமாவாசைக்குப் பெண்கள் இருவரும் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வேண்டுதல் வெல்லம் கரைக்கப் போன இடத்தில் சம்பந்தியம்மா எல்லாவற்றையும் பூவம்மாளிடம் சொல்லி அழுதார்களாம். நீங்கள் அன்று வந்ததே ‘வேண்டாம்’ என்று சொல்லத்தானாம். எங்கள் வீட்டுக் கொடியில் குழந்தைக்கு நான் வாங்கிய கம்பளிச் சட்டை தொங்குவதைப் பார்த்து, சம்பந்தி அனுப்பத் துடிக்கிறார் என்று நினைத்து மனசை மாற்றிக்கொண்டீர்களாம். சம்பந்தி, வெளிநாடு என்றால் குளிரும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிற பயத்தில் வாங்கியது அது! அங்கே வெயிலில் அப்பளம் பொரியும் என்று சின்னதுரை பிறகுதான் சொன்னான். பூவம்மாள் வீடு திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்: “ரெண்டு கெயமும் மருவாதி மருவாதின்னு பேசியே புள்ளைய கப்பலேத்திட்டீங்களே!” ஏரோப்ளேன் என்று திருத்தினேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இல்லை.

ஆகையால் இந்தக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை சின்னதுரை கம்பெனியில் யார் யார் போகிறார்கள் என்று பேர் கொடுக்க வேண்டும். நீங்கள் பெண்ணைப் பெற்றவர். உரிமையாக, “அவன் மட்டும் போகட்டும், நீயும் குழந்தையும் இருங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் செண்பகம் தட்டமாட்டாள். நான் சொன்னால் அதிகாரம் என்பார்கள், நீங்கள் சொன்னால் பாசம் என்பார்கள். குழந்தை இல்லாத இந்த வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தயவுசெய்து இந்த ஒரு தடவை மரியாதை பார்க்காதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. உங்கள் முழங்கால் வலி குறையட்டும், கொல்லைத் தென்னை காய்க்கட்டும்.

இப்படிக்கு,
முனுசாமி (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: வாத்தியார் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டாள். “தாத்தா, அங்க நைனா சோறு துன்றப்ப யாரு கூட குந்திக்கினு பேசும்?” என்று கேட்டாள். “யாரும் இல்லம்மா” என்றேன். “அப்ப நான் போறேன். உனுக்குத்தான் ஆயா கீதே” என்று பூவம்மாளைக் கைகாட்டிச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். செண்பகத்திடம் வாயே திறக்காதீர்கள், குழந்தை போய் வரட்டும். பின்னே ஏன் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன் என்றால், போகாதே என்று நானும் சொன்னேன் என்பது உங்கள் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.