செழியனின் லேப்டாப்பைக் குளிர வைத்த வகையில்

ஏழாயிரம்பண்ணை
14.5.2009

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சங்கிலிமுத்து அவர்களுக்கு, உங்கள் மச்சான் ஊர்க்காவலன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் பொன்மணியும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க இருக்கன்குடி மாரியம்மாள் பார்த்துக்கொள்வாள். சென்னையில் வெயில் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு அதை டிவியில் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் என்னவென்றால், நீங்கள் செழியனைச் சேர்த்துவிட்ட கம்பெனியில் உங்களுக்குத் தெரிந்த அந்த மேனேஜரைப் பார்த்து, என் மகனுக்கு ஒரு நல்ல லேப்டாப் கொடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று பிப்ரவரி மாதம் வந்தவன், காலை ஒன்பது மணிக்கெல்லாம், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான், ஆனால் அவன் சென்னையில் பழையதாக வாங்கிய அந்த மெஷின் அவனோடு சேர்ந்து உட்கார மாட்டேன் என்கிறது, அரை மணிக்கு ஒரு தரம் தோசைக்கல் மாதிரி கொதித்து அணைந்துவிடுகிறது. அணைந்ததும் அவன் திட்டவும் மாட்டான், தட்டவும் மாட்டான், கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, மாப்பிள்ளை. இப்படி அடிக்கடி அணைந்தால் ஒருநாள் வேலையும் போய்விடுமே.

முப்பத்தொரு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருப்பவனுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாதா என்று நானே இறங்கினேன். வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூமில் சூடு ஏறினால் முதல் காரியம் ஈரச்சாக்கு, அதனால் ஒரு கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் போட்டேன், சரியாகப் பிழியவில்லை போலிருக்கிறது, பத்து நிமிஷத்தில் கீபோர்டில் பாதி எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செழியன் சத்தம் போடவில்லை. "எப்பா, இது மருந்து ரூம் இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அதை வெயில் படாமல் காய வைத்தான், அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, திறந்து உள்ளே சுத்தம் செய்வோம் என்று முடிவானது. திறப்பதற்கு முன்னால் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வேண்டும் அல்லவா, எங்கள் கம்பெனி வாசலில் இருப்பது போல வீட்டு வாசலிலும் ஒரு செம்புத் தகடு அடித்து, யார் உள்ளே வந்தாலும் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். "காப்பித்தண்ணி கொண்டாரவளும் தொட்டுட்டுத்தான் வரணுமோ?" என்று உங்கள் அக்காள் கேட்டாள். கேட்டவள் வெள்ளிக்கிழமை பார்த்து அந்தத் தகட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள், அதன் மேல் தொட்டால் கரண்ட் எங்கே இறங்கும்? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வேறு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள்.

அடுத்தது திருகாணி. இரும்பை இரும்போடு உரசக்கூடாது, பொறி பறக்கும் என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்டதால், ஒரு பித்தளைக் கம்பியை அரத்தில் ராவி ஸ்க்ரூ டிரைவர் செய்துகொண்டு வந்தேன். பதினோரு திருகாணி. ஏழின் தலையை வழுக்கையாக்கிய பிறகு கம்பியே வளைந்துவிட்டது. செழியன் குறடு வைத்துக் கழற்றினான். உள்ளே சின்னக் காத்தாடி ஒன்று, அதைச் சுற்றிக் கம்பளி மாதிரி தூசி. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இம்புட்டு நாளா இதுக்கு மூச்சே விட முடியலப்பா" என்றான். நான் குனிந்து காத்தாடியை ஊதித் துடைத்தேன்.

சிப்புக்கும் அதன் மேல் இருக்கிற செம்புக் குழாய்க்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற களிம்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. புதியது மதுரையில்தான் கிடைக்கும் என்றான். மதுரை எதற்கு, நாங்கள் பட்டாசில் போடுகிற அலுமினியப் பொடியைவிடச் சூட்டைக் கடத்துகிற சாமான் உண்டா என்று ஒரு சிட்டிகைப் பொடியை வாஸ்லினில் குழைத்தேன். குழைக்கிற நேரம் பார்த்துப் பொன்மணி உள்ளே வந்து, "அடுப்பங்கரைக்குப் பக்கத்துல வெடி செய்யுதீகளா? அப்பனும் மகனும் சேந்து வீட்டையே தூக்கப் போறீகளா?" என்று தண்ணீர்ச் செம்போடு பாய்ந்தாள், செழியன் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான், தண்ணீர் முழுக்க அவன் முதுகில். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தான். அந்த ஒரு சிரிப்புக்காக அவள் இன்னும் நாலு செம்பு ஊற்றியிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

மூடிவிட்டு, அடியில் காற்றுப் போகட்டும் என்று நாலு மூலைக்கும் நாலு காலிப் புஸ்வாணக் கூட்டைக் குப்புற வைத்து அதன் மேல் நிறுத்தினோம். அதைச் சன்னல் வழியாகப் பார்த்த பேச்சியம்மாள் தெருவில் போய் என்ன சொன்னாளோ, மூன்று நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் பீடி பற்ற வைப்பதில்லை. இப்போது மெஷின் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. அதற்கு மேல் முடியவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவேளை இந்த மெஷினால் அவன் வேலையே போனாலும் போகட்டும், மாப்பிள்ளை. எங்கள் கம்பெனியை என் காலத்தில் மூன்று தரம் சீல் வைத்துப் பூட்டினார்கள். மூன்று தரமும் நான் வீட்டுக்கு வந்து, வேலை இல்லை என்று சொன்னேன். அன்றைக்கும் உங்கள் அக்காள் உலை வைத்தாள். வேலை போனவனுக்கு இந்த வீட்டில் யாரும் தட்டை மறைத்து வைத்ததில்லை. இதைப் பையனிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் போனில் பேசும்போது பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் எப்போதும் குளிர்ந்த நிழலில் இருக்கட்டும். தங்கச்சியின் முட்டு வலிக்கு உங்கள் அக்காள் ஒரு தைலம் கொடுத்தனுப்புவாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ப. ஊர்க்காவலன்

பின்குறிப்பு: இதை மட்டும் தபால் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேலே எழுதிய எதற்காகவும் அந்தக் கம்பெனிக்குப் போய்விடாதீர்கள். செழியனுக்கு ஜனவரியிலேயே வேலை போய்விட்டது. வந்த மறுவாரம் சார்ஜரைத் தேடி அவன் பையில் கைவிட்டபோது, வேலையிலிருந்து நிறுத்திய கம்பெனிக் கடிதம் கிடைத்தது. இங்கிலீஷில் இருந்ததால் எங்கள் ஆபீஸ் நவநீதகிருஷ்ணனிடம் காட்டினேன், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, பொன்மணிக்கு எதுவுமே தெரியாது. அவன் வேலைக்கு எழுதிப் போடுகிறானோ, சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ, ஒன்பது மணிக்குச் சட்டை போட்டு உட்கார அந்த மெஷின் அவனுக்கு வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதை அணையவிடாமல் இத்தனை பாடுபட்டேன். வேறு எங்கேயாவது இடம் இருந்தால் நீங்களாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுங்கள். மேலே உள்ளதெல்லாம் அவன் படிக்கட்டும் என்றே எழுதியது. உங்கள் விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, கடிதத்தையும் கவரையும் சேர்த்தே அவனிடம் கொடுத்தேன், எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். படித்துக்கொண்டே வந்தவன், உலை வைத்தாள் என்கிற இடத்தில் வெகுநேரம் நின்றான். அப்பா, எனக்கு வேலை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். விலாசம் எழுதி, கவரை ஒட்டாமல் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்கப்பா, வெயிலா இருக்கு" என்றான்.